போகிறவளும் இருப்பவளும்

பள்ளிக்கூடத்தின் கடைசி ஆண்டைப் பற்றிய அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படங்களில் அநேகமாக ஐந்து விஷயங்கள் இருக்கும். ஒரு பெண், அவளுடைய உயிர்த்தோழி, ஒரு பையன், தொலைவில் ஒரு கல்லூரி, இவற்றுக்கு நடுவே ப்ராம் என்று சொல்லப்படும் நடன இரவு. படம் முடியும்போது பையன் கிடைத்திருப்பான், அல்லது அவன் தேவையில்லை என்று அவள் முடிவு செய்திருப்பாள். கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிடுவாள். தோழி என்ன ஆனாள் என்று நாம் கேட்பதில்லை. கேட்கும்படி படமும் நம்மை விடுவதில்லை.

நான் கேட்க விரும்புவது அதைத்தான். படிப்புக்காக ஊரை விட்டுப் போகிற ஒரு பெண், போகாமல் இருந்துவிட்ட தன் தோழிக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாளா? பட்டிருந்தால், அந்தக் கடன் எப்படிப்பட்டது?

இவ்வளவு பெரிய கேள்விக்கு இந்த இலேசான படங்களா என்று தோன்றலாம். பதினாறு, பதினேழு வயதில் எதை ஆசைப்பட வேண்டும், எதற்காக எதை விட வேண்டும் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவை பெரும்பாலும் தத்துவ நூல்கள் அல்ல. பாப்கார்ன் தின்றுகொண்டு பார்க்கும் படங்கள்தாம் அந்தப் பாடத்தை நடத்துகின்றன. தாங்கள் பாடம் நடத்துவதாகவே அவை காட்டிக்கொள்ளாததால் அந்தப் பாடம் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இந்தப் படங்களில் காதலும் நட்பும் கல்லூரியும் ஒரே முடிச்சாக விழுவதற்குக் கதாசிரியர்களின் கற்பனை மட்டும் காரணமல்ல, அந்த நாட்டின் நாட்காட்டியும் காரணம். அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கு ஜனவரி வாக்கில் விண்ணப்பிக்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் நாளுக்குள் பதில் வருகிறது. எந்தக் கல்லூரிக்குப் போகிறோம் என்று மே 1 க்குள் சொல்லிவிடுவது வழக்கம். ப்ராம் நடப்பது ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில். அதாவது, யார் ஊரை விட்டுப் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த சில வாரங்களுக்குள் எல்லோரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு ஒரே கூடத்தில் ஆட வேண்டும். கொண்டாட்டம் என்று பெயர். உண்மையில் அது ஒரு பிரிவு உபசாரம்.

அந்தக் கூடத்துக்குள் யாரெல்லாம் வரலாம் என்பதும் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் சார்ல்ஸ்டன் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் முதல்முறையாக ஒன்றாக ப்ராம் நடத்தியது 2008 இல்தான். அதே மாநிலத்தில் 2010 இல், ஒரு மாணவி தன் காதலியோடு வர விரும்பினாள் என்பதற்காகப் பள்ளி நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்தது. ப்ராமுக்கு அழைக்கப்படுவது, கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது இரண்டிலும் ஒரு பெண் இன்னொருவருடைய சம்மதத்துக்குக் காத்திருக்கிறாள். நட்புக்கு மட்டும் விண்ணப்பம் கிடையாது, கடிதம் வராது, கடைசித் தேதியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது முடிந்துபோனாலும் யாரும் கவனிப்பதில்லை.

1999 இல் வந்த '10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ' படத்தை எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்த கதை. எழுதியவர்கள் இரண்டு பெண்கள், கேரன் மெக்கல்லா லட்ஸும் கிர்ஸ்டன் ஸ்மித்தும். நாயகி கேட் கோபக்காரி, வாசிப்பவள், யாருக்கும் வளையாதவள். நாட்டின் மறுகோடியில் நியூயார்க் பக்கம் உள்ள சாரா லாரன்ஸ் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்கோ அவள் வீட்டுக்கு அருகிலிருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். கடைசியில் அப்பா சாரா லாரன்ஸுக்குப் பணத்தை அனுப்பிவிடுகிறார். காதலனும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். கேட்டுக்கு மண்டெல்லா என்று ஒரு தோழி உண்டு. ப்ராமுக்குப் போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு பழங்கால கவுன் கிடைக்கிறது, கூடவே ஒரு பையனும் கிடைக்கிறான். அத்தோடு அவள் கணக்கு முடிந்தது. கேட் போய்விட்டால் மண்டெல்லா யாரோடு பேசுவாள் என்பது படத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2021 இல் வந்த 'டு ஆல் தி பாய்ஸ்: ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர்' படத்தில் லாரா ஜீன் என்ற கொரிய அமெரிக்கப் பெண்ணுக்குக் காதலன் போகும் ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைக்கவில்லை. பெர்க்லியில் கிடைக்கிறது, ஆனால் அவள் மனம் நியூயார்க்கில் விழுந்துவிடுகிறது. காதலனை விட்டு மூவாயிரம் மைல் தள்ளிப் போவதா என்ற தவிப்புதான் படம். அவள் தனக்கான கல்லூரியைத் தேர்ந்துகொள்வது நல்ல முடிவு, நானும் மகிழ்ந்தேன். ஆனால் கவனியுங்கள்: பிரிவைப் பற்றிப் பேச வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும், அழ வேண்டும், ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற கடமையெல்லாம் காதலனுக்கு மட்டும்தான். காதலைப் பிரிவது ஒரு அறப் பிரச்சினையாக இருக்கிறது. தோழியைப் பிரிவது வெறும் பயண ஏற்பாடு.

இன்னும் பின்னால் போனால், 1986 இல் வந்த 'ப்ரெட்டி இன் பிங்க்' இருக்கிறது. ஆண்டி ஏழை வீட்டுப் பெண், அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. பணக்காரப் பையனைக் காதலிக்கிறாள். அவள் கடைசியில் யாரோடு சேர வேண்டும் என்பதைப் பற்றித்தான் அந்தப் படத்தைக் குறித்து எல்லோரும் பேசுகிறார்கள். முதலில் எடுத்த முடிவில் அவள் தன் ஏழை நண்பனோடு நிற்கிறாள். முன்னோட்டக் காட்சிக்கு வந்த பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று முடிவை மாற்றி எடுத்தார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட அவளுடைய உடைதான் முக்கியமாகப் படுகிறது. ஆண்டி வேலை செய்யும் இசைத்தட்டுக் கடையில் அயோனா என்று அவளைவிட மூத்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பழைய ப்ராம் உடையையும் அப்பா வாங்கிக்கொடுத்த உடையையும் வெட்டி, இரண்டையும் சேர்த்துத் தனக்கான இளஞ்சிவப்பு உடையை ஆண்டியே தைத்துக்கொள்கிறாள்.

அந்தக் காட்சியைத் தன்னம்பிக்கையின் காட்சி என்பார்கள், அது சரிதான். இன்னொன்றும் அதில் தெரிகிறது. இருப்பவளின் உடையை வெட்டித்தான் போகிறவளின் உடை தயாராகிறது. அயோனா மனதாரத்தான் கொடுக்கிறாள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் கத்தரிக்கோல் பட்ட துணி அவளுடையது.

இது ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பும் அல்ல. நம் அகப்பாடல்களைப் படித்தவர்களுக்குத் தோழியைத் தெரியும். தலைவியின் காதலைக் காவல் காப்பவள் அவள். தலைவனிடம் வாதாடுபவள், செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்பவள், வேறு வழியில்லை என்றால் தலைவியை உடன்போக்கில் அனுப்பி வைப்பவள். அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவளும் அவள்தான். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் தோழி கூற்றாக எத்தனையோ பாடல்கள் இருக்கின்றன. அத்தனை பேசியவளுக்குத் தனக்கென்று ஒரு காதல் இல்லை, ஒரு ஏக்கம் இல்லை, பெயர்கூட இல்லை. அவளுக்குப் பேச்சு உண்டு, கதை கிடையாது. அவள் யார் என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் விடையையும் நினைத்துப்பாருங்கள்: செவிலியின் மகள். வளர்ப்புத்தாயாக அந்த வீட்டில் உழைத்தவளின் மகள். தலைவிக்கும் தோழிக்கும் இடையில் அன்பு இருந்தது, கூடவே ஒரு படிநிலையும் இருந்தது. போகிறவள் யார், அனுப்பி வைப்பவள் யார் என்பதை அன்பு மட்டுமே தீர்மானித்ததில்லை.

தோழியை இப்படி ஓரத்தில் நிறுத்தும் வழக்கத்தை ஓரளவுக்கு உடைத்த படம் 'லேடி பேர்ட்'. கிரெட்டா கெர்விக் எழுதி இயக்கியது, 2017 இல் வந்தது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரம், 2002 ஆம் ஆண்டு. கிறிஸ்டின் என்ற பெண் தனக்குத் தானே லேடி பேர்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். அம்மா செவிலியர், மனநல மருத்துவமனையில் கூடுதல் ஷிப்ட் பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறார். அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. லேடி பேர்டுக்குக் கிழக்குக் கரையில், நியூயார்க்கில் படிக்க வேண்டும்.

அவளுடைய தோழி ஜூலி. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். பள்ளி இசைநாடகத்தில் லேடி பேர்டைவிட நல்ல வேடமும் அவளுக்குக் கிடைக்கிறது. இருவரும் தரையில் படுத்துச் சுவரில் கால்களை நீட்டி வைத்துக்கொண்டு, இன்னும் மந்திரிக்கப்படாத நற்கருணை அப்பங்களைத் தின்றபடி வாய்விட்டுச் சிரிக்கும் காட்சியில், இரண்டு பெண்கள் ஒன்றாக இருப்பதன் சுகம் அப்படியே இருக்கிறது. பிறகு லேடி பேர்ட் ஒரு பணக்காரப் பெண்ணோடு சேர்கிறாள், அவளிடம் தன் வீட்டைப் பற்றிப் பொய் சொல்கிறாள், ஜூலியைக் கைவிடுகிறாள். ப்ராம் இரவில் புதிய நண்பர்களோடு காரில் போகும்போது அவர்கள் ப்ராமுக்கு வேண்டாம், வேறு எங்காவது போகலாம் என்கிறார்கள். அவள் தன்னை ஜூலியின் வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறாள். ஜூலி வீட்டில் தனியாக அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு தோழிகளும் சேர்ந்து ப்ராமுக்குப் போய் ஆடுகிறார்கள்.

பையனை விட்டுத் தோழியோடு ஆடப் போவது இந்த வகைப் படங்களில் அபூர்வம். அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதற்கடுத்து என்ன? லேடி பேர்ட் நியூயார்க் போகிறாள். அங்கிருந்து ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து அம்மாவுக்குச் செய்தி விடுகிறாள். அம்மா எழுதி எழுதிக் கசக்கிப்போட்ட கடிதங்களை அப்பா எடுத்து அவள் பெட்டியில் வைத்திருக்கிறார். தாயோடு இருந்த கணக்கைப் படம் நேர்மையாகத் தீர்க்கப் பார்க்கிறது. ஜூலியின் கணக்கு அந்த ஒரு நடனத்தோடு தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறது.

ஓர் இரவு ஆடினால் தீர்ந்துவிடுமா?

இங்கே ஒரு எதிர்ப்பு எழ வேண்டும், எழாவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். கடன் என்ற சொல்லை வைத்துத்தானே பெண்களை இத்தனை காலம் கட்டிப்போட்டார்கள்? அம்மாவுக்கு நீ கடன், தம்பி படிப்புக்கு நீ கடன், குடும்ப மானத்துக்கு நீ கடன். இப்போது தோழிக்கும் கடன் என்றால் அவள் எப்போதுதான் கிளம்புவது? வீட்டை விட்டுக் கிளம்பும் பையனிடம் நீ உன் நண்பனுக்கு என்ன பட்டிருக்கிறாய் என்று யாராவது கேட்டதுண்டா? கூட்டாளிகளை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணம் போகிறவன் சாதனையாளன். பெண் போனால் மட்டும் அவள் விட்டுச் சென்றவர்களின் பட்டியலை யாரோ வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த எதிர்ப்பை நான் முழுக்க ஏற்கிறேன். அதனால் முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடன், போகாமல் இருந்துவிடுவதால் அடைபடுகிற கடன் அல்ல. நீ இருந்துவிட்டால் தோழிக்கு ஒரு துணை கிடைக்கும், ஆனால் அந்தத் துணை நாளடைவில் கசந்துபோன துணையாக இருக்கும். பிறர் மீதுள்ள அன்புக்காகத் தன் படிப்பை வெட்டிக்கொண்டவள், அந்த அன்பின் மீதே பிறகு கோபப்படுவதை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதே சமயம், போகும் உரிமை இருக்கிறது என்பதால் கடன் எதுவும் இல்லை என்றும் ஆகிவிடாது. ஆண்களிடம் கேட்கப்படாத கேள்வி என்பதால் அது தவறான கேள்வி ஆகிவிடாது. அவர்களிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாகவும் அது இருக்கலாம்.

அரிஸ்டாட்டில் இந்தக் கேள்விக்கு அருகில் வந்திருக்கிறார். நிக்கோமாக்கிய அறவியலில் இரண்டு பாகங்கள் முழுக்க நட்பைப் பற்றியவை. தூரம் நட்பை அழிப்பதில்லை, நட்பின் செயல்பாட்டைத்தான் நிறுத்துகிறது, ஆனால் பிரிவு நீண்டுவிட்டால் மறதி வந்துவிடும் என்கிறார் ஓரிடத்தில். இன்னோரிடத்தில் அவர் சிறுவயது நண்பர்கள் இருவரைக் கற்பனை செய்கிறார். ஒருவர் அறிவிலும் பண்பிலும் வளர்ந்துவிட்டார், மற்றவர் குழந்தையாகவே நின்றுவிட்டார். இவர்கள் நண்பர்களாகத் தொடர முடியுமா? முடியாது என்கிறார். இருவருக்கும் இன்பமும் துன்பமும் வேறாகிவிட்டன, பிறகு எப்படிச் சேர்ந்து வாழ்வது? ஆனாலும் பழைய நெருக்கத்தை நினைவில் வைத்து, அந்நியருக்குச் செய்வதைவிட அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று முடிக்கிறார்.

நாகரிகமான பதில்தான். ஆனால் கேள்வியிலேயே ஒரு முடிவை வைத்துவிட்டுக் கேட்கிறார் அவர். ஒருவர் வளர்ந்தார், மற்றவர் நின்றார். இதை அளந்தது யார்? வளர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்தானே?

லேடி பேர்டுக்கு டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. உலக அளவில் மதிக்கப்படும் அரசுப் பல்கலைக்கழகம் அது. சாக்ரமென்டோவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அந்தக் கடிதம் படத்தில் கிட்டத்தட்ட ஒரு தோல்வியாக வருகிறது. கலிஃபோர்னியா 1960 இல் ஒரு பெரிய கல்வித் திட்டம் வகுத்தது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள், மாநிலக் கல்லூரிகள், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய சமூகக் கல்லூரிகள் என்று மூன்று அடுக்குகள். ஏழை மாணவியும் வீட்டிலிருந்தே பேருந்தில் போய் முதல் இரண்டு ஆண்டுகள் படித்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்பது அதன் நோக்கம். காதல் நகைச்சுவைப் படங்களில் அந்தப் பேருந்து வருவதில்லை. அங்கே லட்சியம் என்பது மைல் கணக்கில் அளக்கப்படுகிறது. எவ்வளவு தூரம் போகிறாயோ அவ்வளவு பெரியவள் நீ. பக்கத்து ஊரில் படிப்பவள் நின்றுவிட்டவள்.

நான் அப்படி நின்றுவிட்டவள். பள்ளி முடித்ததும் என் தோழி வெளியூருக்குப் படிக்கப் போனாள். என் வீட்டில் ஒருவர் சம்பளத்தில் விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை. பேருந்தில் போய்வரும் தூரத்திலிருந்த கல்லூரியில் சேர்ந்தேன். இதில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. அவள் போனதில் எனக்குப் பொறாமை இருந்தது, பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவள் எழுதிய கடிதங்களில் புது ஊர், புது நண்பர்கள், புதுப் புத்தகங்கள் எல்லாம் இருக்கும். கடைசி வரியில் 'அங்கே எல்லாம் அப்படியேதானே இருக்கு?' என்று கேட்டிருப்பாள். அன்போடு கேட்ட கேள்வி. நான் அந்த ஆண்டு முதல்முறையாக ஒரு நூலகத்துக்குள் தனியாக நுழைந்திருந்தேன். வீட்டில் ஒரு பெரிய சண்டை போட்டு ஜெயித்திருந்தேன். எதுவும் அப்படியே இல்லை. ஆனால் 'அப்படியேதானே' என்று கேட்கிறவளிடம் இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அவள் என்னோடு இருந்திருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் விரும்பியதில்லை. நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தால் போதும் என்று மட்டும் தோன்றும்.

போகிறவள் பட்டிருக்கும் கடனின் முதல் பாகம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருப்பவளைத் தன் கதையின் பின்னணி ஆக்காமல் இருப்பது. நான் எதிலிருந்து தப்பித்தேன் என்பதற்குச் சான்றாக அவளை நிறுத்தாமல் இருப்பது. அவளுடைய காலமும் நகர்கிறது என்று நம்பி அவளிடம் கேள்வி கேட்பது.

இது சின்ன விஷயம் அல்ல, ஏனென்றால் கதை சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் போனவர்களுக்கே கிடைக்கிறது. கெர்விக்கும் சாக்ரமென்டோவில் பிறந்து நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் படித்தவர்தான். 'லேடி பேர்ட்' போனவள் எழுதிய ஊர், போனவள் எழுதிய தோழி. ஜூலி ஒரு படம் எடுத்தால் அதில் லேடி பேர்ட் எப்படி இருப்பாள் என்பது நமக்குத் தெரியாது.

இதே கதை நகைச்சுவை இல்லாமல் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு சிமோன் தி பூவாரின் வாழ்க்கை சாட்சி. பள்ளியில் அவருக்குக் கிடைத்த உயிர்த்தோழி எலிசபெத் லக்வான், ஸாஸா என்று பூவார் எழுதியவர். இருவரும் கத்தோலிக்க நடுத்தர வர்க்கத்துப் பெண்கள், இருவரும் அறிவில் சமமானவர்கள். பூவாரின் குடும்பம் பணத்தை இழந்ததால் வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் போனது. அதனாலேயே அவர் படித்து வேலைக்குப் போகலாம் என்று ஆனது. ஸாஸாவின் குடும்பத்தில் பணம் இருந்தது, அதனால் அவளை வீட்டு வேலைகளும் உறவினர் வருகைகளும் கல்யாணப் பேச்சுகளும் விழுங்கின. விரும்பியவனை மணக்கவும் தடை வந்தது. 1929 இல் பூவார் தத்துவ ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் இடத்தில் தேறினார். அதே ஆண்டு நவம்பரில் ஸாஸா நோயுற்று இறந்தாள். அப்போது அவளுக்கு 21 வயது. தன் விடுதலைக்கான விலையை அவள் உயிரால் கொடுத்ததாக பூவார் நெடுங்காலம் உணர்ந்தார். 1958 இல் வந்த தன்வரலாற்றின் முதல் பாகத்தை அந்த மரணத்தில்தான் முடித்தார். அதற்கு முன்பே, 1954 இல், அவளைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதி வெளியிடாமல் வைத்திருந்தார். அது 2020 இல்தான் அச்சுக்கு வந்தது.

ஸாஸா சாகக் காரணம் பூவார் படித்தது அல்ல. ஒருத்திக்குத் திறந்த கதவை இன்னொருத்திக்கு மூடி வைத்த வீடும் சமயமும் சொத்தும்தான் அவளை நெருக்கின. ஆகவே போகிறவள் சுமக்க வேண்டியது குற்ற உணர்வு அல்ல. குற்ற உணர்வு இருப்பவளுக்கு எந்த வகையிலும் உதவுவதும் இல்லை, போகிறவளைத் தன்னைச் சுற்றியே சுழல வைக்கிறது. சுமக்க வேண்டியது அறிவு: நான் வெளியே வந்தது என் திறமையால் மட்டும் அல்ல, அவள் உள்ளே இருந்தது திறமை இல்லாததாலும் அல்ல என்ற அறிவு. கடனின் இரண்டாம் பாகம் அது. எந்தக் கதவு எனக்குத் திறந்தது, அதை யார் திறந்து பிடித்துக்கொண்டார்கள், அது ஏன் அவளுக்குத் திறக்கவில்லை என்று நேர்மையாகக் கணக்கு வைப்பது. லேடி பேர்டுக்கு அம்மாவின் கூடுதல் ஷிப்டுகள் இருந்தன, அம்மாவுக்குத் தெரியாமல் உதவித்தொகைப் படிவங்களை நிரப்ப உதவிய அப்பா இருந்தார். கேட்டுக்குக் காசோலை எழுதும் மருத்துவத் தந்தை இருந்தார். இதையெல்லாம் கழித்துவிட்டு, கனவு கண்டேன், ஜெயித்தேன் என்று சொல்வது இருப்பவர்கள் எல்லோரையும் கனவு காணாதவர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது பாகம், உண்மையைக் காலத்தோடு சொல்வது. 2019 இல் வந்த, ஒலிவியா வைல்ட் இயக்கிய 'புக்ஸ்மார்ட்' இதைப் புரிந்துகொண்ட படம். மாலி, ஏமி இருவரும் படிப்பில் கெட்டிக்காரத் தோழிகள். ஏமி கோடையில் போட்ஸ்வானா போகப்போகிறாள் என்று மாலி நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஏமி ஒரு முழு ஆண்டு அங்கே இருக்க முடிவுசெய்து, அதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். பட்டமளிப்புக்கு முந்தின இரவு ஒரு விருந்தின் நடுவே அது வெடிக்கிறது. மாலிக்கு வலித்தது ஏமி போவதல்ல. தான் ஒரு தடையாகக் கருதப்பட்டது, சமாளிக்கப்பட வேண்டிய ஒருத்தியாக ஆனது, அதுதான். பிரிவை ஒளித்து வைக்கிறவள் தோழியை மதிப்பதில்லை, அவளுக்குப் பயப்படுகிறாள். போகும் முடிவு அவளுடையது. ஆனால் அந்த முடிவோடு வாழப்போகிறவர்கள் இரண்டு பேர். தயாராக அந்த இரண்டாமவளுக்கும் காலம் வேண்டும்.

அந்தப் படத்தில் மாலியாக நடித்திருப்பவர் பீனி ஃபெல்ட்ஸ்டீன். 'லேடி பேர்டில்' ஜூலியாக நடித்தவரும் அவர்தான். ஒரு படத்தில் பின்தங்கி நிற்கும் தோழி, இன்னொன்றில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாயகி. ஒரே முகம். எவள் போகிறவள், எவள் இருப்பவள் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. மாலியும் இதைக் கற்றுக்கொள்கிறாள். படிக்காமல் கூத்தடித்ததாக அவள் இளக்காரமாக நினைத்த சகமாணவர்களும் பெரிய கல்லூரிகளுக்கே போகிறார்கள் என்று தெரியும்போது அவள் ஆடிப்போகிறாள். தான் உயர்ந்தவள் என்பதற்கு மற்றவர்கள் தாழ்ந்து நிற்பது அவளுக்குத் தேவைப்பட்டிருந்தது.

இருப்பவளுக்கும் கடமை உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தன் தியாகத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்காமல் இருப்பது. போனவளின் சோர்வை, அங்கே அவள் படும் தனிமையை, 'உனக்கென்ன குறை' என்ற ஒரு வார்த்தையால் தள்ளிவிடாமல் இருப்பது. நீ மாறிவிட்டாய் என்பதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் செய்தியாகச் சொல்வது. என் தோழியின் கடைசி வரிக் கேள்விக்கு, இங்கே எதுவும் அப்படியே இல்லை என்று பதில் எழுதும் தைரியமும் என் பங்கில் வர வேண்டியதுதான். எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. அவள் ஏழு பக்கம் பதில் எழுதினாள்.

இதையெல்லாம் தனிப்பட்ட இரண்டு பெண்களின் நல்லெண்ணத்தில் மட்டும் விட்டுவிடவும் முடியாது. ஒருத்தி வளர வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, ஒவ்வொரு நட்பும் ஏப்ரல் மாதத்தில் வரும் ஒரு கடிதத்துக்குப் பயந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்துக் கல்லூரி நல்ல கல்லூரியாக இருப்பதும், அங்கே போகும் பேருந்து இரவு எட்டு மணிக்கும் ஓடுவதும், அங்கே படிப்பவளை யாரும் தோற்றவள் என்று நினைக்காததும் நட்பைக் காப்பாற்றும் விஷயங்கள்தாம்.

'லேடி பேர்டில்' விமான நிலையக் காட்சி ஒன்று உண்டு. மகள் மீது கோபத்தில் பேசாமலிருக்கும் அம்மா, அவளை இறக்கிவிட்டுவிட்டு உள்ளே வராமல் காரை எடுத்துக்கொண்டு போகிறார். கேமரா மகளோடு உள்ளே போகவில்லை, அம்மாவோடு காரில் இருக்கிறது. ஓட்டிக்கொண்டே அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வருகிறார், அதற்குள் மகள் போய்விட்டாள். போகிறவளின் படம் அந்த ஒரு நிமிடத்துக்கு இருப்பவளின் படமாக இருக்கிறது. ஜூலிக்கும் அப்படி ஒரு நிமிடம் கிடைத்திருக்க வேண்டும். பட்டமளிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிப்போன அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் எழுந்து எங்கே போகிறாள், கையில் என்ன புத்தகம் இருக்கிறது, எந்தப் பேருந்தில் ஏறுகிறாள் என்று காட்டியிருந்தால் போதும்.